ஆறு மணிச் சங்கும் செம்புக் குழாயும்

காலை ஆறு இருபது. அரிசி ஆலையின் பாய்லர் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, அடுப்பிலிருந்து வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்த உமி நெருப்பு. கறுத்த குவியலில் இருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. ஆத்தூரில் பலர் அந்த ஆலையின் சங்கை வைத்துத்தான் நேரம் பார்த்தார்கள். அன்று ஆறு மணிக்குச் சங்கு ஊதவில்லை. நான் அப்போது ஒரு பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி. என்ன ஏதென்று பார்க்கப் போனேன். இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தை மாதம் அது. வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நின்றன.

பாய்லர்காரர் புதுச்சத்திரத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். வலது கையில் முழங்கை வரை பழைய தீப்புண் தழும்பு. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போடுவார். நெல் அவிக்கும் பெண்கள் அதையே சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். அவர்கள் வேலை செய்த தொட்டிகள் பாய்லருக்குப் பின்னால், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் இருந்தன.

பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாய் முன்பு இரும்பாக இருந்தது. ஆலைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குழாய் துருப்பிடித்து ஓட்டையாகும், அதுவும் பெரும்பாலும் அறுவடை நேரத்தில். செம்பில் போடலாம் என்று கேட்டவர் பாய்லர்காரர்தான். வீட்டில் குடிதண்ணீரைச் செம்புக் குடத்தில் ஊற்றி வைக்கிறோம், அது துருப்பிடித்து யாரும் பார்த்ததில்லை என்பது அவர் சொன்ன காரணம். முதலாளிக்கும் அது சரியாகவே பட்டது. சேலத்தில் சொல்லி, கனமான செம்புக் குழாய் செய்வித்துக் கொண்டுவந்தார். வெள்ளிதோறும் பாய்லர்காரர் அதைப் புளி போட்டுத் துலக்குவார். 'தங்கக் குழாய்' என்று பெண்கள் பெயர் வைத்தார்கள். ஆலைக்கு வருகிற விருந்தினர்களை முதலாளியே அழைத்துப் போய்க் காட்டுவார். நானும் அப்படி ஒரு முறை பார்த்து, நான்கு வரி எழுதியிருக்கிறேன்.

அன்று காலையும் அந்தக் குழாய் பளபளவென்று இருந்தது. அது பாய்லரில் சேரும் இடத்துக்குக் கீழே, இரும்புத் தகட்டில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. சுண்டுவிரல் நீளம். பாய்லர்காரர் ஒரு சிறு சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். மற்ற இடங்களில் கணீரென்று கேட்டது. அந்த இணைப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சொத்சொத்தென்றது.

கொட்டகை வாசலில் நெல் அவிக்கும் பெண்கள் கூடியிருந்தார்கள். கூட்டத்தில் மூத்தவள் கேட்டாள்: "ஏன்யா பாய்லரு, சங்கு ஊதலியே, தொண்ட கட்டிக்கிச்சா? எங்க கூலிய ஒங்க ஊருக்காரனா குடுப்பான்?"

"இன்னைக்கு அடுப்பு இல்லீங்க, சாமி. ஊட்டுக்குப் போங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

முதலாளி வந்தார். வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், அணைந்த நெருப்பைப் பார்த்ததும் நின்றார். பாய்லர்காரர் பழுப்புக் கோட்டைக் காட்டினார்.

"செம்புல எங்கய்யா துரு வரும்?"

"செம்புக்கு ஒண்ணும் ஆகலீங்க. அதைத் தொட்டுக்கிட்டு இருக்கற இரும்பு கரையுதுங்க."

"நீதானே செம்பு வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன?"

"நான்தானுங்க கேட்டேன். நான்தானுங்க இப்ப வேண்டாங்கறேன்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "வண்டி நிக்குது. இன்னும் பத்து நாளு ஓட்டிடு. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். பாய்லர்காரர் சுத்தியலை அவரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது. நீ கொளுத்தலேன்னா வேற ஆளக் கூப்பிட்டுக் கொளுத்தறேன்."

பாய்லர்காரர் சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சுவரோரம் கிடந்த உளியை எடுத்துப் பழுப்புக் கோட்டின் மேல் முனையில் வைத்து மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடியில் உளி உள்ளே போய்விட்டது. பிடுங்கியதும், வெதுவெதுப்பான தண்ணீர் அவர் காலில் கொட்டியது. பென்சில் பருமன் இருக்கும். முதலாளி தண்ணீரைப் பார்த்தார், உளியைப் பார்த்தார். பிறகு பாய்லரின் முதுகை ஒட்டிய சுவரைப் பார்த்தார். "வண்டிகளைத் திருப்பி அனுப்பு" என்று கணக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வந்த பாய்லர் இன்ஸ்பெக்டர் அந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுக்கச் சொன்னார். துண்டை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளி விளிம்பு விரல் பருமன். நடுவில் பனையோலைக் கனம். உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் ஒட்டி இருந்தால் செம்பு தப்பித்துக்கொள்ளும், இரும்பு கரையும் என்று அவர் விளக்கினார். பாய்லர்காரர் சொன்னதும் அதுதான். குழாய் துருப்பிடிப்பது தொந்தரவு என்று நினைத்த எங்களில் யாருக்கும், அந்தத் துரு வேறு எங்கே போகும் என்று கேட்கத் தோன்றியிருக்கவில்லை. குழாய் ஓட்டையானால் ஒரு நாள் வேலை கெடும். பாய்லர் வெடித்தால் சுவர் இருக்காது.

ஆலை பதினோரு நாள் நின்றது. முதல் சில நாட்கள் பெண்கள் பாய்லர்காரரைத் திட்டினார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு திட்டுவதை நிறுத்தினார்கள். முதலாளிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பலர் பார்க்கத் தன் பாய்லரில் ஒருவன் உளி வைத்ததை அவரால் மறக்க முடியவில்லை. தகட்டுக்கு ஒட்டுப் போட்டு, பழையபடி இரும்புக் குழாயைப் பொருத்தி முடிக்கும் வரை பாய்லர்காரரை வைத்திருந்து, பிறகு கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். பஸ் ஏறுவதற்கு முன் பாய்லர்காரர் கொட்டகைச் சுவரில் தாரால் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன எழுதினார் என்று அப்போது போய்ப் பார்க்கவில்லை.

நான் அனுப்பிய செய்தி மூன்று வரி: பழுதுபார்க்கும் வேலையால் ஆத்தூர் ஆலை ஒன்று சில நாட்கள் ஓடாது. அவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வெடித்திருந்தால் ஒரு பத்தி கிடைத்திருக்கும். இறந்தவர்களின் பெயர்களையும் வயதையும் கேட்டு எழுதியிருப்பேன்.

சென்ற மாதம் வேறு வேலையாக ஆத்தூர் போனேன். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. எழுந்து ஆலைக்கு நடந்தேன். முதலாளியின் மகன் நடத்துகிறார். பாய்லருக்கு உமிதான் போடுகிறார்கள். சுவரில் தார் எழுத்து மங்காமல் இருந்தது: 'குழாய் இரும்பு. இரண்டு வருசம்.' அதன் கீழே, வெவ்வேறு கையெழுத்தில், குழாய் மாற்றிய மாதங்களும் ஆண்டுகளும். கடைசி வரியில் போன மாசி என்று இருந்தது.