வெப்பம் காட்டும் சிறு திரை

எங்கள் காரில் வெப்பம் காட்டும் முள் கிடையாது. எஞ்சின் கொதித்த பிறகே சிவப்பு விளக்கு எரியும். அதனால் அப்பா, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் மலிவான சிறு திரையொன்றை வாங்கினார். சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர்க் கடற்பாலத்தின் நடுவே நெரிசலில் நின்றபோது, எஞ்சினின் வெப்பம் நூற்றாறு டிகிரி என்று அது காட்டியது. ஒதுங்க இடமில்லை, திரும்பவும் வழியில்லை.

"ஏர்கோன அடைச்சிடுங்கப்பா," என்றேன்.

"சீப்பு சாமான்மா அது. சும்மா பயங்காட்டும்லா."

நூற்றெட்டு ஆனதும் அவரே குளிர்சாதனத்தை அடைத்தார். இறக்கிய சன்னல் வழியே பேருந்துப் புகை புகுந்தது. எண் மெல்ல இறங்கியது.

"வாங்குனது வீண் இல்லலா," என்றார் அப்பா.

வீணில்லைதான், எஞ்சின் பிழைத்தது. ஆனால் சோதனைச் சாவடி வரை நாங்கள் கடலைப் பார்க்கவில்லை, பேசவுமில்லை. வியர்த்தபடி அந்த எண்ணுக்கே காவலிருந்தோம்.