இரண்டு பாதங்களும் காணப்பட்டன

பயிற்சியின் முதல் நாள் மேடம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, கர்ப்பிணியோடு வரும் மாமியாரை ஸ்கேன் அறைக்கு வெளியே அனுப்புவது எப்படி என்பதைத்தான். கோபப்படக் கூடாது. அவமானப்படுத்தக் கூடாது. தோளில் கை வைத்து, "அம்மா, அஞ்சு நிமிஷம் வெளிய உக்காருங்க, ஃபேன் கீழ இடம் இருக்கு" என்று சொல்ல வேண்டும். புருஷன் வந்திருந்தால் அவனையும் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தின் பக்கமே திரும்பினார்.

"திரையில எதைப் பார்த்தாலும் முதல்ல சொல்ல வேண்டியது படுத்திருக்கிறவகிட்ட. அவ வயிறு, அவ குழந்தை. அவளுக்குத் தெரியாம வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சுதுன்னா நீங்க டாக்டர் இல்ல, புரோக்கர்."

நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். முகம் சுட்டது. அதற்கு முந்தைய வருடம், நான் வேலை பார்க்கும் கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் சித்தூரில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தாள். குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை. நான் அதை அவளுடைய மாமியாரிடம்தான் சொன்னேன். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். மேடம் சொன்னதைக் கேட்டபோது, இப்படி ஒருவரிடம் முன்பே படித்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

பயிற்சி திருப்பதியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நடந்தது. சுற்றுவட்டார மண்டலங்களிலிருந்து ஆறு டாக்டர்களை ஆறு மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் சுகாதார நிலையங்களில் ஸ்கேன் வசதி கிடையாது. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா, குழந்தை குறுக்கே கிடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிச் சித்தூருக்கோ திருப்பதிக்கோ போக வேண்டும். பயிற்சி முடித்த டாக்டர் இருக்கும் இடத்துக்குப் பெட்டி அளவு ஸ்கேன் மெஷின் ஒன்று வரும் என்றார்கள். அந்தத் திட்டத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் மேடம். ஐம்பதைத் தாண்டியவர், தெலுங்குக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாக வரும். என்னோடு மட்டும் தமிழில் பேசுவார்.

நகரி, சத்யவேடு பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பெண்களை என் மேஜைக்குத்தான் அனுப்புவார். "இன்னா டாக்டரம்மா, கொயந்த நல்லா கீதா?" என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு என் ஊர்ப் பேச்சு காதில் விழும். என் நைனாவும் அம்மாவும் நகரிப் பக்கத்து மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டிலிருந்து முதலில் டாக்டரானவள் நான். மேடத்துக்கு இது தெரியும். "உன்ன மாதிரி பத்துப் பேர் போதும், தல்லி" என்பார். தெலுங்கில் தல்லி என்றால் அம்மா. மகளை அழைப்பது போல அழைப்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

பயிற்சியில் சேர்ந்த சில நாட்களிலேயே நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. தினமும் புத்தூரிலிருந்து பஸ்ஸில் திருப்பதிக்குப் போய் வந்தேன். என் கணவர் புத்தூரில் ஜூனியர் காலேஜில் கணக்கு வாத்தியார். மாமியார் எங்களோடு இருந்தார்.

ஐந்தாம் மாதம் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். "வெளிய எதுக்கு? இங்கயே படு, நானே பாக்குறேன். மத்தவங்களும் கத்துக்கட்டும்" என்றார் மேடம். முறைப்படி படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராக என் வயிற்றில் ஸ்கேன் கருவியின் முனையான ப்ரோபை வைத்துத் தலையை அளந்தார்கள், இதயத்தின் நான்கு அறைகளைத் தேடினார்கள். ஒருவன் இரைப்பையைக் காட்டிச் சிறுநீர்ப்பை என்று சொல்ல, எல்லோரும் சிரித்தோம். கால்களுக்கு வந்தபோது மேடம் ப்ரோபை வாங்கிக்கொண்டார். திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கினார்.

"எல்லாம் சரியா இருக்கா மேடம்?"

"அருமையா இருக்கு. எழுந்திரு, லஞ்ச் டைம் ஆச்சு."

அன்று மத்தியானம் தன் டப்பாவிலிருந்த புளிச்சகீரைப் பச்சடியை எனக்கு வைத்தார். நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேறொரு பெண்ணின் குழந்தைக்குப் பாதம் உள்பக்கம் மடங்கியிருந்ததை எங்களுக்குக் காட்டினார். கெண்டைக்கால் எலும்புகள் நீளவாக்கில் தெரியும் அதே படத்தில் உள்ளங்காலும் விரிந்து தெரிந்தால், பாதம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததும் மாவுக்கட்டுப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பெண் அழுதாள், பிறகு கேள்வி கேட்டாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன்.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது பயிற்சி முடிந்தது. தேர்வில் தேறினேன். சுகாதார நிலையத்துக்கு மெஷினும் வந்து சேர்ந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிரசவத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று நான் சும்மா சொன்னேன்.

"இன்னாத்துக்குப் பயம்? அந்தக் காலு கூட கட்டுப் போட்டா நேராப் பூடுமாம். புத்தூர்க் கட்டு போடுறவங்ககிட்ட கேட்டுக்கினுதான் வந்தேன்."

"எந்தக் காலு அத்தே? யாருக்கு?"

அவர் கை நின்றுவிட்டது. கீரைத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உனுக்கு எம்புள்ள இந்நேரம் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். நீ டாக்டராச்சே" என்றார்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கணவரிடமும் கேட்கவில்லை. முதலில் நானே பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் வெளிநோயாளிகள் போன பிறகு ஸ்கேன் அறையைத் திறந்தேன். படிவத்தில் கர்ப்பிணியின் பெயர் என்ற இடத்திலும் டாக்டரின் பெயர் என்ற இடத்திலும் ஒரே பெயரை எழுதினேன். நர்ஸ் பயந்துவிட்டார். "திருப்பதிக்கே போய் எடுத்துக்கலாமே மேடம்?" என்றார். "நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றேன். வயிறு பெருத்திருந்ததால் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பது கஷ்டமாக இருந்தது. குழந்தை காலை மடக்கிவைத்திருந்தது. வலது கால் கிடைத்தது, சரியாக இருந்தது. இடது காலுக்குக் காத்திருந்தேன். அது நீண்டபோது எலும்புகளும் உள்ளங்காலும் ஒரே படத்தில் வந்தன. குழந்தை அசைந்து நகர்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. ஜெல்லைத் துடைக்காமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. நர்ஸ்தான் துடைத்துவிட்டார்.

கணவர் காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை அவர். சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு சாயங்காலமே மேடம் போன் பண்ணாங்க. இப்பத் தெரிஞ்சா நீ ட்ரைனிங்க விட்டுடுவே, அழுதுக்கினே இருப்பே, கொழந்தைக்கு ஆவாதுன்னாங்க. பொறந்த பிறகு நானே சொல்றேன்னாங்க. தினம் சொல்லணும்னு நெனைப்பேன். அப்புறம் நாள் ஓடிடுச்சி, எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

"உங்க அம்மாவுக்கு மட்டும் எப்படி ஆரம்பிச்சீங்க?"

"எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும் இல்ல?"

"அப்ப நான் யாரு?"

ஏழாம் மாதம் என் கைக்கு வளையல் போட்டது நினைவுக்கு வந்தது. அன்று மாமியார் என் கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று என் அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்னும் யார் யாருக்குத் தெரியும் என்று கணவரிடம் கேட்கவில்லை. பட்டியல் நீண்டுவிடுமோ என்று பயம்.

அடுத்த நாள் லீவு போட்டுத் திருப்பதிக்குப் போனேன். மேடத்தின் அறை வாசலில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எப்படித் தெரிஞ்சது?"

"நானே பார்த்தேன்."

"எட்டாம் மாசத்துல பாதத்தைப் பிடிச்சியா? நல்லா பார்த்திருக்கே" என்றார்.

அந்த நேரத்திலும் அவருக்கு என் கைத்திறமைதான் கண்ணில் பட்டது. எனக்கு அழுகை அங்கேதான் வந்தது.

"ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?"

"தல்லி, முதுகெலும்பு பார்த்தேன், மூளை, இதயம் எல்லாம் பார்த்தேன். கால் மட்டும்தான். பிறக்கிற வரைக்கும் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. முந்தின பேட்ச்ல ரெண்டு பேர் பாதியில போய்ட்டாங்க. அவங்க ஊருக்குன்னு வாங்கின ரெண்டு மெஷினும் பெட்டியே பிரிக்காம கிடக்கு. நீயும் போயிருந்தா உன் ஊர் பொம்பளைங்களுக்கு யாரு?"

"போயிருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணீங்களா?"

"உன் நிலைமையில யாரா இருந்தாலும் போயிருப்பாங்க."

"அது நான் சொல்ல வேண்டியது மேடம். வேற டெஸ்ட் எடுக்கணுமா வேணாமான்னும் நான்தான் யோசிச்சிருக்கணும். அந்த நேரமும் போயிடுச்சி. படுத்திருக்கிறவகிட்டதான் முதல்ல சொல்லணும்னு சொன்னது நீங்க."

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். "அவங்க பேஷண்ட். நீ என் பொண்ணு மாதிரி" என்றார்.

என் ஸ்கேன் கோப்பைக் கேட்டேன். மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். நான் அதுவரை கேட்டே பார்க்காத ஐந்தாம் மாத ரிப்போர்ட்டில் அவருடைய கையெழுத்தில், கால்களுக்கு எதிரே, இரண்டு பாதங்களும் காணப்பட்டன என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பொய் என்று யாராலும் சொல்ல முடியாத வாக்கியம். அதை எழுதும்போது எவ்வளவு யோசித்திருப்பார் என்று நினைத்தேன். போனில் கணவரிடம் பேசியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. அந்த வாக்கியத்தை மட்டும் மன்னிக்க முடியவில்லை. கோப்பை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்.

வேறு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொண்டேன். பெண் குழந்தை. இடது பாதம் மட்டும் உள்ளே திரும்பியிருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து வாராவாரம் திருப்பதிக்குப் போய் மாவுக்கட்டு மாற்றினோம். கட்டு நனையாமல் குழந்தையைத் துடைத்துவிட்டது, நடுவில் இறுகிய தசைநார் தளர டாக்டர் குதிகாலில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தபோது வாசலிலேயே நின்றது, பிறகு பாதம் மறுபடி திரும்பாமல் இருக்கக் கம்பி இணைத்த செருப்பை அழ அழ மாட்டிவிட்டது எல்லாம் மாமியார்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தனக்குத் தெரிந்த வழியில் கால் சரியாகுமா என்று விசாரிக்கவாவது போனார். மேடம் ஒருமுறை வீட்டுக்கு வந்தார், கையில் குழந்தைக்கு ஒரு கவுனோடு. "பாப்பா தூங்குது" என்றேன். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கவுனைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுகாதார நிலையத்து மெஷின் பெட்டிக்குள் கிடக்கவில்லை. நஞ்சு கீழே இருந்த இரண்டு பேரைச் சரியான நேரத்தில் சித்தூருக்கு அனுப்பினேன். அந்தப் பெண்கள் உயிரோடு இருப்பது மேடம் போட்ட கணக்கு தவறில்லை என்பதற்குச் சாட்சி. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கோபம் குறையவில்லை.

போன வருடம் குடுபல்லிப் பக்கம் வேலை செய்யும் இளம் டாக்டர் ஒருத்தியைச் சித்தூரில் ஒரு கூட்டத்தில் பார்த்தேன். மேடத்திடம் அண்மையில் பயிற்சி முடித்தவள். பேச்சுவாக்கில், "பாதம் திரும்பினதுக்கு மேடம் ஒரு படம் காட்டுவாங்க அக்கா, அவ்ளோ க்ளியரா இருக்கும்" என்று போனைத் திறந்து காட்டினாள். பெயரை வெட்டியிருந்தார்கள். கர்ப்ப வாரமும் ஸ்கேன் தேதியும் அப்படியே இருந்தன. நான் படுத்திருந்த தேதி. எனக்குக் காட்டாத படத்தை அதன் பிறகு வந்த ஒவ்வொரு பேட்சுக்கும் காட்டியிருக்கிறார்.

அன்றைக்கே அவருக்குப் போன் செய்தேன். வருடங்களுக்குப் பிறகு.

"மேடம், அந்தப் படத்தை எடுத்துடுங்க."

"அவ்ளோ நல்ல படம் எங்கிட்ட வேற இல்ல, தல்லி. எத்தனையோ பேர் அதப் பார்த்துதான் கத்துக்கிட்டாங்க."

"எடுத்துடுங்க."

"சரி" என்றார். எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

மகளுக்கு இப்போது நான்கு வயது. இடது கால் கொஞ்சம் மெலிவு, பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். கணவர் இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. காலேஜில் யாரோடு டீ குடித்தார் என்பது வரைக்கும் சொல்கிறார். ஆனால் அவருடைய போன் அடித்து, பேசிக்கொண்டே அவர் வாசலுக்குப் போனால் என் கை செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. திரும்பி வந்ததும் யார், என்ன என்று அவராகவே சொல்லிவிடுவார். அதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.