கழுவாமல் விட்ட சைக்கிள்

சேற்றில் ஓட்டிவிட்டு வந்த சைக்கிளை அன்றைக்கே கழுவ வேண்டுமா, காயவிட்டுத் தட்டிக்கொள்ளலாமா என்று எங்கள் சைக்கிள் குழுவில் வருடா வருடம் ஐப்பசி பிறந்ததும் ஒரு சண்டை கிளம்பும். ஈரத்தோடு கழுவினால்தான் செயின் பிழைக்கும் என்பார் ஒருவர். தண்ணீர் அடித்தால் பேரிங்குக்குள் போய்விடும், காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும் என்பார் இன்னொருவர். நாளைக்கும் அதே சேற்றில்தானே இறங்கப்போகிறோம், எதற்கய்யா கழுவிக்கொண்டு என்பார் மூன்றாமவர். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நான் எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை. அந்தச் சண்டை நடந்த மழைக்காலங்களில் பாதிக்குமேல் என் சைக்கிள் சேற்றையே பார்க்கவில்லை. வராந்தாவில் ஒரு பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட்டை எடுத்து உதறுவேன், பிரேம் கம்பிகளைத் துடைப்பேன், செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவேன், திரும்பவும் மூடிவிடுவேன். ஓட்டாத சைக்கிளைத்தான் நான் என் வாழ்நாளில் அதிகம் துடைத்திருக்கிறேன்.

குழந்தை வேண்டி நானும் என் மனைவியும் நகரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், என்ன வேலை, என்ன பழக்கம் என்று விசாரித்தார். கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப் என்றேன். லீவு நாளில் கியர் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஏரிக்கரை, காட்டுப் பாதை என்று சுற்றுவேன் என்றும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த சீட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அழுத்தமும் சூடும் சேரும், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு அது ஆகாது, இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள் என்றார். இறுக்கமான ஜீன்ஸும் வேண்டாம், மடியில் லேப்டாப்பும் வேண்டாம் என்றார். என்னிடம் லேப்டாப் கிடையாது. மற்ற இரண்டையும் விட்டேன்.

விடுவதற்கு ஏதோ ஒன்று இருந்ததே என்று எனக்கு உள்ளூர ஆறுதல்தான். என் மனைவி செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் இருந்தாள். மருத்துவமனைக்கென்று அடிக்கடி லீவு கேட்க முடியாமல் வேலையை விட்டாள். ஊசி, மாத்திரை, ஸ்கேன், படுக்கை எல்லாம் அவளுக்கு. எனக்கு ஒரு பெட்ஷீட்.

இந்தத் தடை என் மாமியாருக்கும் தெரியும். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. மாமனார் இல்லை. மாசா மாசம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். ஒருமுறை நான் பெட்ஷீட்டை எடுத்துவிட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். மருமகனிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? என்னைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு, "அந்த சீட்டு ஆவாதாமே மாப்ள" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "சும்மா காத்து அடிக்கறேங்க அத்தை" என்றேன். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் கேட்டைத் திறந்ததும் முதலில் சைக்கிள் பக்கம் ஒரு பார்வை போகும். மூடியிருந்தால் திருப்தியாக உள்ளே வருவார்.

போன ஆவணியில் கடைசி முறையும் கரு நிற்கவில்லை. இஷ்டப்பட்டால் இன்னொரு முறை பார்க்கலாம் என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "போதுங்க" என்றாள். "சரி" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இருங்காட்டுக்கோட்டை தாண்டியதும் எனக்குப் பசித்தது. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஆளுக்கு ஒரு மசால் தோசை சாப்பிட்டோம். சட்னி நன்றாக இருந்தது என்று இரண்டு பேருமே சொன்னோம். இப்போது நினைத்தாலும் அந்தச் சட்னிதான் ஞாபகத்தில் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

யாராவது செத்தால் துக்கம் கேட்க நாலு பேர் வருவார்கள். எங்களுக்கு யாரும் சாகவில்லை. அதனால் யாரும் வரவில்லை. தெருவில் "என்னப்பா, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறவர்கள் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் வழக்கம்போலச் சிரித்துவைத்தேன்.

மறுவாரம் நைட் ஷிப்ட் முடித்து வந்தவன், பெட்ஷீட்டை உருவிப்போட்டுவிட்டுச் சைக்கிளை வெளியே எடுத்தேன். அவள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். குனிந்து மீதித் தண்ணீரைத் தெளித்தாள்.

வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளுக்கு மனை பிரித்துத் தார்ரோடு போட்டிருக்கிறார்கள். ரோடு நேராகப் போய், கட்டடமே இல்லாத இடத்தில் பொசுக்கென்று முடியும். அதற்கப்புறம் பழைய கழனிதான். மேலே லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண், கீழே கருங்களி. மழை பெய்தால் இரண்டும் குழைந்து டயரைக் கவ்விக்கொள்ளும். கொஞ்ச தூரம் போனதும் டயருக்கும் அதைத் தாங்கும் போர்க்குக்கும் நடுவில் அடைத்துச் சக்கரமே சுற்றாது. இறங்கி ஒரு குச்சியை எடுத்துக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். திரும்ப ஏறினால் திரும்ப அடைக்கும். புத்தியுள்ளவன் போகிற இடம் இல்லை. நான் தினம் போனேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் அல்லவா, அந்த மாதிரிதான். கிள்ளிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

ஐப்பசி முழுக்க மழை. நான் சைக்கிளைக் கழுவவில்லை. இத்தனைக்கும் ஒரு தூசிக்குப் பயந்து சம்பளம் வாங்குகிறவன் நான். பெயிண்ட் ஷாப்புக்குள் நுழையும்போது நாலு பக்கமும் காற்றடித்து உடம்பில் இருக்கும் தூசியை விரட்டித்தான் உள்ளே விடுவார்கள். முகத்துக்குப் பவுடர் கூடாது. ஒரு நூல் பறந்துபோய்க் கதவில் ஒட்டினால் அந்தக் கதவு திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்டவன் சேறு அப்பிய சைக்கிளைக் கொண்டுவந்து வராந்தாவில் சாத்திவிட்டுக் கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

முன்பெல்லாம் செருப்போடு ஒரு அடி உள்ளே வைத்தாலே என் மனைவி பிடித்துக்கொள்வாள். "சொன்னா காதுல வுழாதா, இல்ல வுழுந்தும் வுழாத மாதிரியா?" என்பதில் ஆரம்பித்து என் பரம்பரை வரைக்கும் போய்விட்டு வருவாள். இப்போது காய்ந்த மண் கட்டி கட்டியாகத் தரையில் உதிர்ந்து கிடந்தது. அவள் விளக்குமாற்றோடு வந்து சைக்கிளைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். திட்டமாட்டாளா என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், கழுவாமல் விட்டதே பாதி அதற்காகத்தான். ஒரு நாள் வேண்டுமென்றே சேற்றுக் காலோடு ஹாலில் நடந்தேன். துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தாள். எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

புரட்டாசிக் கிருத்திகைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்ட மாமியார், வெள்ளம் வந்து ரோடெல்லாம் கெட்டுக் கிடந்ததால் ஐப்பசிக் கிருத்திகைக்கும் வரவில்லை. கார்த்திகை மாதக் கிருத்திகைக்கு முந்தின நாள் போன் வந்தது. கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வருகிறேன் என்றார். "சரிம்மா, வா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். நாங்கள் நிறுத்திக்கொண்டது அவருக்குத் தெரியாது. இன்னமும் வேண்டுதலோடு கோயில் படி ஏறிக்கொண்டிருக்கிறார். வருகிறவர் கேட்டைத் திறந்ததும் எங்கே பார்ப்பார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

காலையில் எழுந்து சைக்கிளைக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். பக்கெட், தேங்காய் நார், பழைய டூத் பிரஷ். சேறு சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. முன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னா பண்றீங்க?"

"கழுவறேன். உங்க அம்மா வர்றாங்க இல்ல."

"வேணாம். வுடுங்க."

"பாத்தா கேப்பாங்க."

"கேக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. "வயசானவங்க. கோயிலுக்குப் போய்ட்டு வர்றாங்க. வாசல்லயே இத காட்டணுமா?"

"பின்ன எங்க காட்டறது?" என்றாள். "தினம் போன்ல சொல்லிடலாம்னுதான் எடுக்கறேன். சாப்டியான்னு கேக்குது. சாப்ட்டேம்மான்னு வெச்சிடறேன். என் வாயால வரமாட்டேங்குதுங்க. இந்த சேத்த பாத்தா அதுவே புரிஞ்சிக்கும். கழுவாதீங்க."

ஆவணியிலிருந்து அவள் என்னிடம் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். முன் சக்கரம் பாதி கழுவியாகியிருந்தது. மீதியை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளைக் கொண்டுபோய் வராந்தாவில் நிறுத்தினேன். பெட்ஷீட் போடவில்லை.

பத்து மணிக்கு மேல் மாமியார் வந்தார். புடவை ஓரமெல்லாம் ஈரம். கையில் தேங்காய், வாழைப்பழம், விபூதிப் பொட்டலம் போட்ட கூடை. கேட்டைத் திறந்தார், சைக்கிளைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, விரலால் பெடல் மேல் இருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கட்டி பெயர்ந்து கீழே விழுந்தது.

"ஓட்டறீங்களா மாப்ள?"

"ஆமாங்க அத்தை."

"டாக்டரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இனிமே ஓட்டலாம்மா" என்றாள்.

அடுத்து என்ன வரும் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அழுவார். வேறு ஆஸ்பத்திரி சொல்வார். பரிகாரம், ஜோசியர், யாரோ ஒருத்திக்குப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த கதை. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் கூடையைத் தரையில் வைத்தார்.

"அப்போ இனிமே அங்க போவ வேணாமா?"

"வேணாம்மா."

"ஒரேயடியா வுட்டாச்சா?"

"ஆமாம்மா."

"அப்பாடா" என்றார் என் மாமியார்.

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே, சேறு உதிர்ந்து கிடந்த தரையில், சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று மனைவியைப் பார்த்தேன். அவளும் அப்படித்தான் என்னைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தபாவும் நீ படுத்துகினு இருக்கறத பாத்துட்டு பஸ் ஏறுவேன்" என்றார். "வூடு போற வரிக்கும் அழுதுகினேதான் போவேன். போன வருஷத்துலேர்ந்து நான் அந்த முருகன் கிட்ட புள்ள கேக்கல. எம் பொண்ணுக்கு போதும்னு சொல்ற தெகிரியத்த குடுன்னுதான் கேட்டுகினு வரேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றாள் அவள்.

"பெத்தவ நான் எப்டிடி சொல்லுவேன், புள்ள வேணாம்னு?"

அவள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையை அவர் தோளில் வைத்தாள். அவர் ஈரக் கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருடங்களில் முதல்முறையாக, பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்காமல் நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள, நீங்க ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. நாங்க கொஞ்ச நேரம் அழுவணும்."

தலையாட்டினேன். ஹாண்டில்பாரைப் பிடித்து ஸ்டாண்டைத் தட்டினேன், கேட் வரைக்கும் உருட்டிக்கொண்டும் போய்விட்டேன். போயிருந்தால் வல்லம் வடகால் வரைக்கும் போயிருப்பேன், குச்சியால் சேற்றைக் குத்திக்கொண்டு நின்றிருப்பேன், வெறும் ஆளாகத் திரும்பி வந்திருப்பேன். சைக்கிளைக் கேட்டில் சாத்தினேன். திரும்பி வந்து அவர்களுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"நானும் இருக்கேன் அத்தை" என்றேன்.