ஒரு தெருவுக்கு ஒரு போன்

திண்டிவனத்தில் பேருந்து ஏறியதிலிருந்து மண்டி வேலையாள் தமிழ்மணி போனில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். விழுப்புரத்தில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அமலாவால் அவன் சொல்வதைச் சரியாகக் கேட்க முடிந்தது.

"டோக்கன் எல்லாம் தீந்துடுச்சுன்னு காட்டுதும்மா. ஆனா உள்ள கொட்டகை காலியா கெடக்குது. டோக்கன் கெடைக்காத வண்டிங்க கேட்டை மறிச்சிக்கினு நிக்குது. ஐயா கேட்டையே சாத்திட்டாரு. மழ வேற வர்றாப்புல கீது. ஜல்தி வா!"

ஐப்பசி வானம் ஆட்டோவுக்கு முன்னால் கறுத்துக்கொண்டு போனது.

அமலா வீட்டிலிருந்தே இணையதளங்கள் வடிவமைப்பவள். பெங்களூரில் ஒரு பொம்மைக் கடை, சென்னையில் ஒரு மணப்பெண் அலங்கார நிலையம் என்று முகம் தெரியாதவர்களுக்கே இதுவரை வேலை செய்திருந்தாள். நிலக்கடலை வாங்கி விற்கும் தாண்டவராயனின் மல்லாட்டை மண்டிக்குச் செய்ததுதான் அவளுடைய சனங்கள் பயன்படுத்தப்போகும் முதல் வேலை. அவளுடைய அம்மா மல்லாட்டை பிடுங்கிக் கூலி வாங்கியவள். போன வருடம் முண்டியடித்து நுழைந்த வண்டிகளுக்கு நடுவில் சிக்கி மண்டியில் ஒருவர் கால் ஒடிந்தது. அதன் பிறகுதான் கொட்டகையில் இடத்துக்கு முந்தின நாளே போனில் டோக்கன் போடும் ஏற்பாடு. இன்று முதல் நாள்.

வேலை கொடுப்பவர்களிடம் அவள் வழக்கமாகச் சொல்வாள்: கம்ப்யூட்டரை மறந்துடுங்க, கட்டைவிரலை நினைச்சுக்குங்க. மண்டிக்கும் அப்படித்தான் செய்தாள். படமே இல்லை. பெரிய எழுத்து. கட்டைவிரல் எட்டும் இடத்தில் பச்சையாக ஒரே ஒரு பொத்தான். கிராமத்தில் ஒரு தெருவுக்கே ஒரு நல்ல போன்தான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு எண்ணிலிருந்து எத்தனை வீட்டுக்கு வேண்டுமானாலும் டோக்கன் போடலாம் என்று வைத்தாள். வெளியூர்க்காரர்களுக்கு இது தோன்றியிருக்காது என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

மண்டி வாசலில் குட்டியானை வண்டிகளும் டிராக்டர்களும் சாலை வரைக்கும் நின்றன. ஒரு ஓட்டுநர் சத்தமாகச் சொன்னார்: "போன்ல டோக்கனாம்! நாளைக்கு மூட்டையவும் போன்லயே எடை போட்டுக்குவாங்க!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அமலா தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தாள்.

தாண்டவராயன் கேட்டுக்கு உள்பக்கம் நின்றார். "வாம்மா. நான் பாட்டுக்குத் துண்டுச் சீட்டு குடுத்துக்கினு இருந்தேன். இப்ப மல்லாட்ட வெளிய, கொட்டக உள்ள. மழ வந்து நனைஞ்சா நீ வந்து காய வெப்பியா?"

"பாக்குறேங்க ஐயா."

"பாத்துக்கினே இருக்காத. தூறல் உழுந்துச்சுன்னா கேட்டத் தொறந்து உட்ருவேன். அப்பறம் எவன் கால் ஒடியுதோ!"

கேட்டை ஒட்டி முதலில் நின்ற வண்டியில் மூட்டைகளின் மேல் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். கண்டமங்கலம் பக்கத்தில் குத்தகை நிலத்தில் போட்ட மல்லாட்டை. கிழிந்த தார்ப்பாய் பாதி மூட்டைகளைத்தான் மறைத்தது.

"எங்களுக்கு டோக்கன் கீதும்மா," என்றாள் அவள். "இதோ, வெண்ணிலாதான் தெருவுக்கே போட்டுக் குடுத்துச்சு."

பக்கத்தில் நின்ற வெண்ணிலா போனை நீட்டினாள். மழைக்குப் பயந்து அதை ஒரு பாலிதீன் உறையில் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள்.

"எப்படிப் போட்டீங்க? செஞ்சு காட்டுங்க அக்கா."

வெண்ணிலா உறையின் மேலேயே பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். இன்னும் பலமாக, மறுபடியும். "இப்படித்தாம்மா. சிக்னல் கெடைக்கிற வரைக்கும் அமுக்கிக்கினே இருக்கணும்."

அமலாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் வீட்டு இணையத்தில் பொத்தானை அழுத்தியதும் அடுத்த பக்கம் வந்துவிடும். அதனால் இடையில் 'பொறுங்கள்' என்று காட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. இங்கே சிக்னல் தாமதமாக வர, ஒவ்வொரு அழுத்தலும் ஒரு டோக்கனாகப் போயிருக்கிறது. ஒரே எண்ணிலிருந்து எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள் என்று சொல்லிவைத்ததும் அவள்தான். வராத வண்டிகளுக்கெல்லாம் கொட்டகையில் இடம் போய்விட்டது.

"தமிழ்மணி அண்ணே, ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போடுங்க. ஒண்ணுக்கு மேல இருக்கறத அழிச்சிடலாம்."

"கரண்டு போயி எவ்ளோ நேரம் ஆவுது!"

அவசரத்தில் மடிக்கணினியையும் வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். கையிலிருந்த போனில் மண்டிக்காரர்களுக்கான பக்கத்தைத் திறந்தாள். அது கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காக மட்டும் செய்தது. பெயரும் எண்ணும் இடது ஓரத்தில் தெரிந்தன. கணவர் அல்லது தகப்பன் பெயர் திரைக்கு வெளியே எங்கோ இருந்தது. 'நீக்கு' அதற்கும் அப்பால். வலப்பக்கம் இழுத்தால் பெயர் மறைந்தது. திரும்பி வந்தால் வரி மாறியது. ஒரே எண், ஒரே பெயர் என்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். இழுத்தாள், அழித்தாள், திரும்பினாள்.

வெண்ணிலாவின் எண்ணில் 'பாஞ்சாலி' அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. கீழே இருந்ததை அழித்தாள்.

"ஆச்சாம்மா?" என்றார் தாண்டவராயன்.

"ஆச்சுங்க ஐயா. பேரைப் படிச்சு உள்ள விடுங்க. மிச்ச இடத்தை டோக்கன் இல்லாதவங்களுக்குக் குடுத்துடலாம்."

தமிழ்மணி தன் போனைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். வண்டிகள் நகர்ந்தன. கூட்டத்தின் சத்தம் அடங்கியது. "பாஞ்சாலி, கண்டமங்கலம்" என்றபோது பின்னாலிருந்து ஒரு டிராக்டர் வந்து நுழைந்தது. அதில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கேட்டருகே இருந்த பாஞ்சாலி மூட்டையிலிருந்து எழுந்தாள். "அப்ப நானு?"

"உங்க பேர்ல ஒண்ணுதாங்க கீது. அவங்க போயிட்டாங்க," என்றான் தமிழ்மணி.

"அவ சவுரிராயன் பொஞ்சாதி. நான் விருத்தாசலம் பொஞ்சாதி. ஒரு தெருவுல ரெண்டு பாஞ்சாலி இருக்கக் கூடாதா?"

அமலா திரையை வலப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். கணவர் பெயருக்கான கட்டம் அங்கேயே இருந்தது. அவள்தான் வைத்திருந்தாள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழியும் வைக்கவில்லை.

மண்ணில் பெரிய பெரிய துளிகள் விழுந்தன. பாஞ்சாலி தார்ப்பாயை இந்தப் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கம் திறந்துகொண்டது. வெண்ணிலா முந்தானையை விரித்து ஒரு மூட்டையை மூடினாள்.

"அண்ணே, இந்த வண்டிய விடுங்க."

"நான் உட்ருவேம்மா. பின்னாடி நிக்கிறவன் சும்மா இருப்பானா?" தமிழ்மணி சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது: "டோக்கன் இல்லாத வண்டிய உட்டா நாங்களும் வருவோம்!"

அமலா கூட்டத்தில் சத்தமாகப் பேசிப் பழகாதவள். மளிகைக் கடையில்கூட முன்னால் நிற்பவர் நகரும்வரை காத்திருப்பாள். இப்போது வண்டிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இவங்க ஒழுங்காத்தான் போட்டாங்க. நான்தான் தப்பா அழிச்சேன். என் மேல தப்பு. வண்டி போகட்டும்!"

யாரோ அவளைத் திட்டினார்கள். யாரோ, "உடுய்யா, பொம்பள மூட்ட நனையுது பாரு," என்றார்கள். கேட் திறந்தது.

கொட்டகைக்குள் போவதற்குள் மேல் வரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன. அமலாவும் சேர்ந்து அவற்றைப் பிரித்துத் தரையில் கொட்டினாள். காய்களைப் பரத்திவிட்டபோது பாஞ்சாலி ஒரு காயை உடைத்து, பருப்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி குவியலில் போட்டாள்.

தாண்டவராயன் குடையோடு வந்து நின்றார். "நாளைக்குப் போனா, துண்டுச் சீட்டா? அத மட்டும் சொல்லு."

அமலா எழுந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெண்ணிலாவிடம் போனாள்.

"அக்கா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. உறையைக் கழட்டாதீங்க, அப்படியே குடுங்க. நாளைக்குள்ள இதுலயே அமுக்கிப் பாத்துச் சரி பண்ணணும்."