எம்.ஃபார்ம் மகளுக்கு ஏழாம் வகுப்பு அப்பன் எழுதிய கடிதம்

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பள்ளிக்கூடமும் நிம்மதியாகத் திருப்பிக் கும்பிட்டது. ஆனால் விக்கிரமசிங்கபுரத்தில் நாற்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவன் நான். மில்லில் ஷிப்ட் விட்டால் சைக்கிள்கள் என் கடை முன்னால்தான் வந்து நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் அநேகம். டாக்டர்களுக்கு அதில் வருத்தம். வருத்தப்பட்டுக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு குறை. கடைக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் படித்துப் பதிவு செய்த பார்மசிஸ்ட் ஒருவர் கடையில் இருக்க வேண்டும். என் கடையில் வெகுகாலம் ஒருவருடைய சர்டிபிகேட் மட்டும்தான் கண்ணாடி போட்டுத் தொங்கியது. ஆள் வேறெங்கோ வேறு வேலையில் இருந்தார். ஆயுத பூஜைக்கு வந்து பொரி வாங்கிக்கொண்டு போவார். நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. செய்தேன் என்று சொல்கிறேன்.

பிறகு என் மகள் எம்.ஃபார்ம் வரை படித்துவிட்டுக் கடைக்கு வந்தாள். பழைய சர்டிபிகேட்டை இறக்கி அவளுடையதை மாட்டினேன். இனி என்னை எந்த இன்ஸ்பெக்டரும் அசைக்க முடியாது என்றிருந்தேன். ஆறு வருஷம் ஒருவனும் அசைக்கவில்லை. மகள்தான் அசைத்தாள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஃபார்மசி காலேஜில் பாடம் நடத்த ஆள் கேட்டிருந்தார்கள். முதலில் பேராசிரியர்கள் முன்னால் ஒரு டெமோ கிளாஸ் நடத்திக் காட்ட வேண்டுமாம். அதற்குக் கடையிலேயே ஒத்திகை பார்த்தாள். மதியம் ஆள் வராத நேரம். மாணவன் நான் ஒருத்தன்தான். பாடம், மருந்துக்கடைச் சட்டம்.

"பதிவு பெற்ற பார்மசிஸ்டின் நேரடி மேற்பார்வை இல்லாமல் டாக்டர் சீட்டுக்குரிய மருந்துகளை விற்கக் கூடாது" என்றாள், புத்தகத் தமிழில்.

"நேரடின்னா? பக்கத்து ஊர்ல இருந்தா ஆகாதா?"

"ஆகாது."

"போன்ல கேட்டுக்கிட்டா?"

"யப்பா, ஸ்டூடண்ட் குறுக்க பேசக் கூடாது."

"பேசினா என்ன செய்வ?"

"வெளிய போகச் சொல்லுவேன்."

"இது என் கடையாக்கும்."

காலேஜ் டெமோவில் குறுக்கே பேச யாரும் இல்லை போலிருக்கிறது. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். கொண்டுவர வேண்டிய தாள்களில் ஒன்று, இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம். அந்த இடத்துக்கு முதலாளி நான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளை விடுவித்தால் லைசென்ஸிலிருந்து அவள் பெயரும் போய்விடும் என்பது உறைத்ததும் சிரிப்பு நின்றது.

"ஏளா, பேரு இங்கன கெடக்கட்டும். நீ அங்கன போய்ப் பாடம் நடத்து" என்றேன்.

"அது முழுநேர வேலைப்பா. ரெண்டு இடத்துல பேரு இருந்தா என் வேலையும் போவும், ஒங்க லைசென்ஸும் போவும்."

விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, கடை கடையாக சர்டிபிகேட் பிடித்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் வந்துவிட்டார். "அண்ணாச்சி, நான் ஒரு ஆளு பாத்துத் தாரேன். பேரு மட்டுந்தான் வரும், ஆளு வராது. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் கெடையாது" என்றார். எனக்கு அது தேவவாக்காகப் பட்டது.

மகள் ஒரு கிழவருக்குச் சர்க்கரை மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரை அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் திரும்பினாள்.

"இவரு சொல்லுத சர்டிபிகேட்ட மாட்டுனீயன்னா, எனக்குக் கடிதம் வேண்டாம். நான் வேலைக்குப் போவல."

"அதுக்கும் இதுக்கும் என்னளா?"

"அந்தச் சட்டப் பாடத்தத்தான் எனக்குக் கொடுத்திருக்காவ. அங்கன நின்னு அறுவது பிள்ளைகள்ட்ட ஆளில்லாம கடை நடத்தாதீயன்னு சொல்லிட்டு, சாயங்காலம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்கன வர?"

தரகர் பைய நழுவிவிட்டார். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இந்த ஒரு தாள்தான். அதையும் வேண்டாம் என்கிறாள். வீட்டில் என் மனைவியும் மகள் கட்சி. காப்பியில் சீனி குறைந்தது.

நிஜமாகவே வந்து உட்காரும் பார்மசிஸ்டைத் தேடி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி எல்லாம் அலைந்தேன். படித்து முடித்தவர்களுக்குச் சென்னை வேண்டும், இல்லாவிட்டால் துபாய் வேண்டும். ஒரு பையன் கடையில் ஏசி உண்டா என்று கேட்டான். "மேல ஃபேன் ஓடுது, பக்கத்துல ஆறு ஓடுது, இதுக்கு மேல என்ன வே வேணும்?" என்றேன். அவன் வரவில்லை.

சனிக்கிழமை தரகர் போன் போட்டு முடிவு கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படிச் சொன்னது யார் என்று எனக்கே சந்தேகம்.

பிறகு கடை லெட்டர்பேடை எடுத்து உட்கார்ந்தேன். மகள் இங்கிலீஷில் அடித்துத் தருவதாகவும், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னாள். முதலாளி யார் என்று கேட்டேன். நானே தமிழில் எழுதினேன்:

"இவர் என் கடையில் ஆறு வருஷம் பார்மசிஸ்டாக இருந்தார். காலாவதி மருந்து ஒருநாளும் கொடுத்ததில்லை. முதலாளி கொடுக்கச் சொன்னபோதும் சீட்டு இல்லாமல் கொடுத்ததில்லை. இதனால் வியாபாரம் குறைந்தது. கோபக்காரர். இன்று முதல் விடுவிக்கிறேன்."

வாசித்துவிட்டு, "கோபக்காரர்னு யாராவது எழுதுவாவளா?" என்றாள்.

"உள்ளதத்தானே எழுதணும்?"

"'முதலாளி கொடுக்கச் சொன்னபோதும்'னு போட்டிருக்கீய. இது ஒங்களத்தான் மாட்டிவிடும்."

"மாட்டட்டும்."

இன்னொரு தடவை வாசித்தாள். திருத்தச் சொல்லவில்லை. பைலில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் பஸ் ஏறினாள். நான் ஷட்டரைத் தூக்கவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர மூடாத கடை. போகிறவர்களெல்லாம் அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்று வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். மகள் காலேஜில் பேராசிரியை ஆகிவிட்டாள், அதனால் லீவு என்றேன். அவள் உதவிப் பேராசிரியைதான். அதை எதற்கு அவர்களிடம் சொல்ல வேண்டும்?

சாயங்காலம் அவள் வந்ததும் முதலில் என் கடிதத்தைப் பற்றித்தான் கேட்டேன்.

"பிரின்சிபால் ரெண்டு தடவ வாசிச்சாரு. 'இந்தக் கடை இன்னைக்குத் தொறந்திருக்கா?'ன்னு கேட்டாரு. மூடிக் கெடக்குன்னேன். சீல் குத்தி வாங்கிக்கிட்டாரு."

"அம்புட்டுத்தானா?"

"அங்கன படிச்சு முடிச்ச பிள்ளைய ரெண்டு பேரு அம்பாசமுத்திரம் பக்கமாம். வேலை தேடுதாவளாம். அனுப்பட்டுமான்னு கேட்டாரு."

புதன்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். ஒருத்தியை நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று வெளியில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவள்தான் அலமாரி அலமாரியாகக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். இன்சுலின் வைக்கிற பிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை, அதை மாற்றினால் வருகிறேன் என்றாள்.

மாற்றினேன்.