அண்டைக்கும் சொன்னவனோ?

போன சனிக்கிழமை ஒரு பழைய பேஸ்போல் ஸ்ரேடியம் பார்க்கப் போயிருந்தோம்.

சிரிக்க வேண்டாம். எனக்கும் பேஸ்போலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஸ்காபரோவில் வளர்ந்த எங்களில் பாதிப் பேருக்கு அது கிரிக்கெட்டைக் கெடுத்துச் செய்த விளையாட்டு. மற்றப் பாதிப் பேருக்கு, அப்பாமார் சனல் மாற்றும்போது இடையில் வந்து போகிற ஒரு பச்சைப் புல்வெளி.

அப்படியிருக்க, ஆட்டமெல்லாம் முடிந்து, இலை கொட்டிப் பூட்டிக் கிடக்கிற ஒரு ஸ்ரேடியத்துக்கு மேற்கே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடிப் போகவேண்டிய தேவை என்ன?

ஒரு சொல். அவ்வளவுதான்.

என் நண்பன் அகிலன் ஓகஸ்ட் மாதம் இறந்துபோனான். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) சனிக்கிழமைகளில் அந்தச் சின்ன ஊருக்குப் போய், சிறுவர் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பது அவன் வழக்கம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டால், "மரத்தால கட்டின ஸ்ரேடியம், இனி இப்பிடி ஒண்டு கட்டமாட்டாங்கள்" என்பான். எங்களையும் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பான். அடுத்த சனி, அடுத்த சனி என்போம்.

அப்படி ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. நல்ல வெளிச்சம். மழையில்லை. நேரான வீதி. அவன் கார் ஓரமாக விலகிப் போய் ஒரு மரத்தில் மோதியது. வேறு வாகனம் இல்லை. பிரேக் பிடித்த அடையாளமும் இல்லை. நித்திரையாகியிருக்கலாம் என்றது பொலிஸ்.

இருக்கலாம்.

ஆனால் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவனுக்கு வேலை போயிருந்தது. பேச்சுக் குறைந்திருந்தது. ஆட்களுக்கு இது போதாதா? செத்தவீட்டிலேயே தொடங்கிவிட்டார்கள். "பெடியன் கொஞ்சம் டிப்ரெஷனாம்..." என்று ஒருவர். "நேர் றோட்டில எப்பிடி?" என்று இன்னொருவர். சவப்பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்று, கையில் தேத்தண்ணியோடு.

அவன் அம்மாவின் காதில் அதெல்லாம் விழாமலா இருந்திருக்கும்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, வோபர்னில் இருக்கிற அவர்களுடைய அப்பார்ட்மென்ற் குசினிக்குள் அவன் அம்மா, எங்களுக்கு அன்ரி, என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, நீ படிச்சனீ. பேப்பரில எழுதுறனீ. ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு."

"கேளுங்கோ அன்ரி."

"'போறன்' எண்டால் என்ன?"

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது யாரும் 'போறன்' என்று சொல்வதில்லை. பால் வாங்கப் போனாலும் 'போட்டு வாறன்'. லண்டனுக்குப் போனாலும் 'போட்டு வாறன்'. வெறும் 'போறன்' என்பது திரும்பி வராதவன் சொல்கிற சொல். அகிலன் இங்கே பிறந்தவன், சின்ன வயதில் அடிக்கடி மறந்துவிடுவான். அன்ரி விடமாட்டார். வாசலில் நின்று கொரிடோர் முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார்: "என்னண்டு சொன்னனீ?" அவன் லிஃப்ற் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, "சரி சரி, போட்டு வாறன், போட்டு வாறன்" என்பான். உள்ளே நிற்கிறவர்கள் முறைப்பார்கள். நானும் உள்ளே நின்றிருக்கிறேன்.

"அண்டைக்கு 'அம்மா, போறன்' எண்டவன்," என்றார் அன்ரி. "என்ரை கையெல்லாம் இடியப்ப மா. கூப்பிட்டுச் சொல்ல வைப்பம் எண்டு நினைச்சனான். பிறகு... சரி, வரட்டும், வந்தாப்பிறகு பேசுவம் எண்டு விட்டிட்டன்."

கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றார். தண்ணீரைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னவனோ, பிள்ளை?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதற்குரிய காலமும் வாய்க்கவில்லை, ஊரும் வாய்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பெருமைதான். எங்கள் கட்டடத்தில் வங்கிக் கடிதமானாலும் கல்யாணக் காட் ஆனாலும் என் கைக்கு வந்துதான் போகும். பிழை இருந்தால் விடமாட்டேன். வட்ஸ்அப்பில் வந்த ஒரு மரண அறிவித்தலின் எழுத்துப் பிழையைத் திருத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பியவள் என்று என் நண்பன் நிரோஷன் இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்வான்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு தாய் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். பட்டம் வாங்கிய மொழியில். எனக்குத் தெரியவில்லை.

"பாத்துச் சொல்லுறன் அன்ரி" என்றேன். என்னத்தைப் பார்த்து?

பார்க்க இருந்த ஒரே இடம் அதுதான். அன்றைக்கு அவன் கடைசியாக மனிதர்களோடு பேசிய இடம்.

நிரோஷன் பிக்கரிங்கில் இருந்து காரோடு வந்தான். நானும் கிறிஸ்ரினாவும் வோபர்னில் ஏறினோம். நாங்கள் மூவரும் அகிலனும் ஒரே ஹைஸ்கூல். கிறிஸ்ரினா நேர்ஸ், மன்னார்க்காரி, கோயிலுக்குப் போகிறவள், பொய் பிடிக்காது. நிரோஷனுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு வேதம் கிடையாது.

401 நெடுஞ்சாலையில் ஏறியதும் நிரோஷன் தொடங்கினான். "அன்ரி சும்மா கிடந்து யோசிக்கிறா. அவன் இங்கிலீஷில யோசிச்சுத் தமிழில சொல்லியிருப்பான். 'ஐ'ம் கோயிங், மா.' போறன். அவ்வளவுதான் விசயம்."

"உனக்கு வடிவாத் தெரியுமோ?" என்றாள் கிறிஸ்ரினா.

"தெரியாது. அதுக்குத்தானே இப்ப போறம்."

"போறம் எண்டு சொல்லாதை."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஸ்ரேடியத்தில் சிற்றுண்டி விற்கும் மார்ஜி என்ற வெள்ளைக்கார அம்மா சாவியோடு வந்து நின்றார். நான் ஏற்கெனவே ஊர்க் கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். உள்ளே ஈர மரமும் பழைய எண்ணெயும் கலந்த மணம். பச்சைப் பெயின்ற் உரிந்து, அதற்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே இன்னொன்று. ஆட்கள் இருக்கும் வாங்குகளில் இலக்கங்கள் அழிந்துபோயிருந்தன. கூரைக்குள் புறாக்கள். வசந்தத்தில் இடிக்கப் போகிறார்களாம்.

"அகில் இங்கேதான் நிற்பான்" என்று சொல்லி, மார்ஜி காலால் இலைகளை விலக்கினார். ஐந்து பக்கமுள்ள ஒரு வெள்ளை ரப்பர்த் தட்டு, மண்ணோடு மண்ணாகப் பதிந்திருந்தது. அதற்குப் பெயர் ஹோம். ஓடுகிறவர் இங்கிருந்து வெளிக்கிட வேண்டும், சுற்றிப் போய் இங்கேதான் திரும்பி வரவேண்டும். வந்தால்தான் கணக்கு. அவ்வளவுதான் முழு விளையாட்டும் என்றார்.

"போட்டு வாற விளையாட்டு" என்றான் நிரோஷன், மெதுவாக.

இவ்வளவு காலமும் இது எனக்குத் தெரியாது.

மார்ஜி பேசிக்கொண்டே போனார். அம்பயரைப் பிள்ளைகள் 'ப்ளூ' என்று கூப்பிடுவார்களாம், நீலச் சட்டை போடுவதால். ஒரு பிள்ளை புழுதிக்குள் சறுக்கி வந்து விழும், பந்தும் அதே நேரம் வரும். அவுட்டா, இல்லையா? அகிலன் இரண்டு கைகளையும் விரித்து 'சேஃப்' என்பானாம். கம்பி வலைக்குப் பின்னால் நின்று தகப்பன்மார் கத்துவார்களாம். திரும்பியும் பார்க்கமாட்டானாம். சந்தேகம் என்றால் ஓடி வந்த பிள்ளைக்கு. அது அவன் கட்சி.

"போகும்போது என் ஜன்னலுக்கு வந்து ஒன்று சொல்வான்," என்றார். "போட்டோ வாரன்."

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் கவனமாகத் திருப்பிச் சொன்னார். "போட்டோ... வாரன்."

நிரோஷன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு மைதானத்தின் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குட்பை சொல்லமாட்டானாம். எங்கள் மொழியில் அது கூடாது, போய் வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும் என்பானாம். மார்ஜிக்கும் பழக்கியிருந்தான்.

இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் சொன்ன கதை அந்த இடத்தில் முடிந்தது. அவனுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரிந்திருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால், அன்று காலை வீட்டில்...?

நான் கேட்டேன். கேட்கத்தானே வந்தோம். "கடைசிச் சனிக்கிழமையும் சொன்னானா?"

"சொல்லியிருப்பான்," என்றார் மார்ஜி. "எப்போதும் சொல்கிறவன்தானே."

"உங்கள் காதில் கேட்டதா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவசரப்படாமல் யோசித்தார். அன்றைக்கு நல்ல வெயில், ஜன்னலில் ஐஸ்பழத்துக்குப் பிள்ளைகளின் நெரிசல், பொப்கோர்ன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அகிலன் கேற்றடியில் நின்று கையைக் காட்டினான். வாய் அசைந்தது. அவ்வளவுதான் தெரியும்.

"சொல்லியிருப்பான்," என்றார் மறுபடியும். கண் கலங்கியிருந்தது.

திரும்பி வரும் வழியில் அந்த மரம் வந்தது. பட்டை உரிந்த இடம் வெளுத்துக் கிடந்தது. யாரோ கட்டிவிட்ட பிளாஸ்ரிக் பூ. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நிரோஷன் வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை.

கொஞ்சத் தூரம் போனபிறகு, "சொன்னவன் எண்டு சொல்லு," என்றான் என்னிடம். "சந்தேகம் எண்டால் பற்ஸ்மனுக்கு. எங்கடை விளையாட்டிலயும் அதுதான் றூல்."

"அது விளையாட்டு," என்றாள் கிறிஸ்ரினா. "இது பொய்."

"என்ன பொய்? வாய் அசைஞ்சதுதானே."

"'பாய்' எண்டாலும் வாய் அசையும்."

"உனக்கென்ன, கோட்டில சாட்சி சொல்லவோ போறாய்? அந்த மனுசி நித்திரை கொள்ளுறேல்லை, தெரியுமோ?"

"தெரியும். பொய்யைக் கண்டுபிடிச்சால் அதுக்குப் பிறகு ஒருக்காலும் கொள்ளமாட்டா. அதுவும் தெரியும்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் படித்தவள் அல்லவா?

சொன்னவன். சொல்லியிருப்பான். இலக்கணத்தில் இவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதி மாக்ஸ் வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு மனுசியின் மிச்ச வாழ்க்கை கிடக்கும் என்று யாரும் பாடத்தில் சொல்லவில்லை.

அன்ரி தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மர வாங்குகள், நீலச் சட்டை, கைகளை விரித்து 'சேஃப்' சொல்வது. ஹோம் கதையைச் சொன்னபோது நிமிர்ந்தார்.

"வீட்டில இருந்து வெளிக்கிட்டு வீட்டுக்கு வாறதோ? இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் ஓடினவன்?" ஓகஸ்ட்டுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். நிற்கவில்லை அது.

மார்ஜி கதைக்கு வந்தேன். 'போட்டோ வாரன்' என்று நிரோஷன் நடித்துக் காட்டினான். அன்ரி சிரிக்கவில்லை. கோப்பையை வைத்தார்.

"அண்டைக்கும் சொன்னவனோ?"

கிறிஸ்ரினா நிலத்தைப் பார்த்தாள். நிரோஷன் என்னையே பார்த்தான்.

"சொல்லியிருப்பான், அன்ரி," என்றேன். பொப்கோர்ன் மெஷின், நெரிசல், கேற்றடி, எதையும் விடாமல் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"வாய் அசைஞ்சதோ?"

"ஓம்."

நிரோஷன் என் மேல் கோபமாக எழுந்துபோய்ச் சப்பாத்தைப் போட்டான். நாங்களும் எழும்பினோம். அந்த நேரம் போன் அடித்தது. பாரிஸில் இருக்கிற அன்ரியின் அக்கா. அன்ரி குசினிக்குள் போய் எடுத்தார். நாங்கள் வாசலில் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றோம்.

"ஓமக்கா, பிள்ளையள் போட்டு வந்திட்டினம்... ஓம், அந்த மனுசியைக் கண்டு கதைச்சவையாம்..." பிறகு நெடுநேரம் சத்தமில்லை. மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"ஓம். அண்டைக்கும் சொன்னவனாம்."

சொன்னவனாம்.

நான் அப்படிச் சொல்லவில்லை. மார்ஜியும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் கடைசி 'ஆம்'மைப் பிடித்து யாரைப் பொய்க்காரர் என்பது? யாரோ சொன்னார்கள், நான் கேள்விப்பட்டேன் என்று மட்டும்தானே அதற்கு அர்த்தம். அவன் என்ன நினைத்துக்கொண்டு அந்த வீதியில் வந்தான் என்பது எனக்கு இன்றும் தெரியாது. அன்ரிக்கும் தெரியாது. ஆனாலும் யாரோ ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து 'சேஃப்' என்று சொல்லத்தானே வேண்டும்?

நிரோஷன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இவள் இப்போது வாயைத் திறப்பாளோ என்று அவனுக்குப் பயம்.

"போட்டு வாறம் அன்ரி" என்று குசினிப் பக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கண்டவர் எழுதுகிற தமிழையெல்லாம் திருத்துகிறவள் நான். அதைத் திருத்தவில்லை.