திக்கத்த பொட்டலுக்கு ஒரு ஆட்டோ

சந்திரம்மாளுக்கு வழி தெரியாது. அதைச் சொல்ல அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. எடமலைப்பட்டி புதூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவளுக்குத் திருச்சியில் வழி தெரியாது என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டு அவள் வண்டியிலேயே ஏறி உட்காரும். "இங்க லெஃப்டுக்கா. பாலத்துக்குக் கீழ போகாதீங்க, மேல போங்க" என்று ஆளாளுக்கு வழி சொல்வதில் பாதிப் பயணம் பேச்சிலேயே ஓடிவிடும். இறங்கும்போது எல்லோரும் உறவுக்காரர்கள் மாதிரி கையசைத்துவிட்டுப் போவார்கள்.

அவள் கணவர் ரெங்கராஜ் இதற்கு நேர்மாறு. கால் டாக்ஸி ஓட்டுகிறவர். கே.கே. நகரில் நேற்றுப் போட்ட குறுக்குச் சந்துகூட இன்று அவருக்குத் தெரிந்திருக்கும். போனில் வரைபடம் "வலது பக்கம் திரும்பவும்" என்றால், "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்று அதனிடமே சண்டை போடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் 'தெரியாது' என்ற சொல்லைச் சந்திரம்மாள் கேட்டதே இல்லை.

ஒரு சித்திரை மாதத்து உச்சி வெயிலில் அது நடந்தது. பஞ்சப்பூருக்கும் அப்பால் புதிதாக வீடு கட்டிப் போயிருந்த பழைய வாடிக்கைக்காரி நஜ்முன்னிசாவை இறக்கிவிட்டுத் திரும்பினாள். வந்த பாதையை அதற்குள் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வண்டிப்பாதை போயிற்று. கேட்க ஆள் இல்லை. சரி, போகிற வழியில் யாராவது வராமலா போவார்கள் என்று ஆட்டோவை அதில் விட்டாள்.

அந்தப் பாதை திக்கத்த பொட்டலுக்குப் போகிற பாதை. அந்தப் பக்கத்து ஆடுகள்கூட அங்கே மேயப் போகாது. மனை போட்டு விற்கலாம் என்று அளக்கப் போன ஒருவர் வெளியே வந்தபின், சாப்பிட உட்கார்ந்தால் எது வலது கை என்று பெண்டாட்டியைக் கேட்டாராம். இன்னொருவர் மத்தியானம் உள்ளே போய், அன்று காலையிலேயே வெளியே வந்துவிட்டாராம். அந்தக் குழப்பத்திலிருந்து அவர் இன்னும் தெளியவில்லை என்பார்கள். சந்திரம்மாளும் இதையெல்லாம் கேட்டவள்தான். ஆனால் அந்தப் பொட்டல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாதே!

கருவேலம் புதர்கள் குறைந்து, வெறும் வெள்ளைத் தரை வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். எதிரே தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. அப்பாடா, அதைப் பார்த்துப் போனால் ஊருக்குள் போய்விடலாம் என்று நினைத்தாள். கண்ணாடியைப் பார்த்தால் பின்னாலும் மலைக்கோட்டை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நாலு பக்கமும் உச்சிப்பிள்ளையார் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை எப்படித் திருப்பினாலும் அதன் நிழல் முன்னாலேயே ஓடியது. ஹாரனை அடிக்கலாம் என்று கையைக் கொண்டுபோவதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் விரல் அதில் பட்டது.

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே புத்தி கலங்கியிருக்கும். சந்திரம்மாளுக்குத் திக்குத் தெரியாமல் நிற்பது புதிதா என்ன? வண்டியை நிறுத்திவிட்டு, வழி கேட்க ஆள் தேடினாள்.

ஒரு பாறை நிழலில் வாட்டசாட்டமான மனிதர் ஒருவர் முழங்கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். காது வரை முறுக்கிய மீசை. மார்பில் குறுக்காக ஒரு பெரிய தழும்பு.

"அண்ணே, தூக்கத்தைக் கெடுக்கிறேன்னு நினைக்காதீங்க. புதூருக்கு எப்படிப் போகணும்?"

அவர் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"என்ன கேட்ட?"

"வழிங்கண்ணே. புதூருக்கு வழி."

"காப்பாத்துங்கன்னு கேக்கலையா?"

"எதுக்குக் காப்பாத்தணும்? வண்டி நல்லாத்தானே இருக்கு. வழிதான் தெரியல."

அவர் சிரித்த சிரிப்பில் பாறையிடுக்கில் இருந்த ஓணான்கள் ஓடின. "என்னைப் பார்த்து வழி கேட்ட மொத ஆளு நீதான் தாயி" என்றார். "எல்லாரும் காப்பாத்துன்னுதான் வருவாங்க. நான் வீரமலை. புலிகுத்தி வீரமலை."

சந்திரம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் பிறந்த ஊர்த் திருவிழாவில் வருஷாவருஷம் அந்தக் கதையைச் சொல்வார்கள். ஊர் மாடுகளைக் காக்கப் புலியோடு கட்டிப் புரண்டு, அதையும் கொன்று தானும் செத்துப்போன வீரன். அவன் பெயர் வெட்டிய கல்லுக்கு அவளே மஞ்சள் பூசியிருக்கிறாள்.

"நீங்க செத்துப்போயிட்டீங்களே, அண்ணே!"

"அதான் தொல்லையே" என்றார் வீரமலை. "எந்த ஊர்ல கதை சொன்னாலும் எனக்கு மார்ல வலிக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தப் புலி வரும், நான் சாவேன், சனம் அழும். எத்தனை தடவைதான் சாகறது? அதான் எந்தக் கதையும் வழி கண்டுபிடிச்சு வர முடியாத இந்தப் பொட்டலுக்கு வந்துட்டேன். நான் மட்டுமில்ல. கதையில செத்த ஆளுங்க நிறைய பேர் இங்கதான் இருக்கோம்."

இதைச் சொல்லும்போது அவர் கண் ஆட்டோ சீட்டில் இருந்த தூக்குவாளியில் நின்றது. சந்திரம்மாள் கவனித்தாள்.

"சாப்பிடுறீங்களா? புளிச்சோறுதான். கத்திரிக்காய் வத்தல் இருக்கு."

வீரமலை வாளியை இரண்டு கையாலும் வாங்கினார். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவ்வளவு நேரம் கதை சொல்றானுங்க. மீசையைச் சொல்லுவான், தோளைச் சொல்லுவான், வேல்கம்பைச் சொல்லுவான். ஒருத்தனாவது எனக்கு ஒரு வாய் சோறு போட்டிருக்கானா? வெறும் வயித்தோடதான் புலிகிட்ட அனுப்புறானுங்க."

அதற்குள் வாசனை பிடித்து இன்னொருத்தியும் வந்தாள். முழங்கால் வரை சேலையை ஏற்றிச் செருகிய, கறுத்து மெலிந்த பெண். ஏரிக்கரை உடைந்தபோது உடைப்பில் தானே போய் நின்று, உயிரைக் கொடுத்து ஊரைக் காத்த மயிலம்மாள் அவள். வீரமலை வாளியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "புலிக்கு முன்னாடி நின்னவருக்குப் பொம்பளைக்குப் பங்கு வைக்கத் தெரியல பாரு" என்றாள். சந்திரம்மாளுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

வழியை மயிலம்மாள்தான் சொன்னாள். "மலைக்கோட்டையைப் பார்க்காத. நிழலைப் பார்க்காத. போறப்ப ஒவ்வொரு செடிகிட்டயும் கேட்டுட்டுப் போ. இந்த மண்ணு, எல்லாம் தெரியும்னு வர்றவங்களைத்தான் சுத்தி விடும். கேக்குறவங்களை ஒண்ணும் பண்ணாது." சந்திரம்மாள் அப்படியே கேட்டுக்கொண்டு போனாள். எந்தச் செடி என்ன சொன்னது என்று அவளால் பிறகு விளக்க முடியவில்லை. ஆனால் வெயில் தாழ்வதற்குள் புதூர் டீக்கடை முன்னால் வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவள் வண்டி பொட்டலுக்குப் போயிற்று. பெரிய குண்டானில் சோறு, ஒரு வாளியில் குழம்பு, மயிலம்மாளுக்குத் தனியாக வெற்றிலைப் பாக்கு.

குண்டானைப் பார்த்த ரெங்கராஜ் சும்மா இருப்பாரா?

"யாருக்கு இவ்வளவு சோறு?"

சந்திரம்மாள் ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாலு மலைக்கோட்டையா! உனக்கு ஒரு மலைக்கோட்டையே எங்க இருக்குன்னு தெரியாது. வெயில்ல மயங்கி எங்கயோ சுத்திட்டு வந்திருக்க. நாளைக்கு நானே போயிப் பார்த்துட்டு வரேன்."

"வேணாங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது ஆகாது."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலைப் பலகாரத்தை முடித்த கையோடு ரெங்கராஜ் டாக்ஸியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் வரை ஆளைக் காணோம். போன் அடித்தால், அடிக்கும் முன்பே 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. சந்திரம்மாள் ஆட்டோவை எடுத்தாள். கைப்பழக்கத்தில் அன்றைக்கும் சோற்றுக் குண்டானை ஏற்றிக்கொள்ள மறக்கவில்லை.

பொட்டலின் நடுவே இரண்டு வெள்ளை டாக்ஸிகள் மூக்கோடு மூக்கு முட்டியபடி நின்றன. இரண்டுக்கும் ஒரே நம்பர். இரண்டு ரெங்கராஜ்கள் வெளியே நின்று, கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சொல்றியா நீ? மதுரை ரோடு அந்தப் பக்கம்!"

"டேய், நான் பொறந்த ஊருடா இது! மதுரை ரோடு இந்தப் பக்கம்!"

வீரமலையும் மயிலம்மாளும் பாறைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காலையிலருந்து இப்படித்தான்" என்றாள் மயிலம்மாள். "இதுல ஒண்ணு உன் புருசன். இன்னொண்ணு கானல். எதுன்னு எங்களுக்கே தெரியல."

சந்திரம்மாள் இருவரையும் உற்றுப் பார்த்தாள். அதே நரைத்த கிருதா, அதே கட்டம் போட்ட சட்டை, காலரில் காலையில் அவள் தைத்துக் கொடுத்த அதே பொத்தான். பெண்டாட்டியைப் பார்த்ததும் இருவரும் ஒரே குரலில், "வா சந்திரா, நான் வழி காட்டுறேன்!" என்றார்கள். ஒருவர் இந்தப் பக்கம் கை காட்டினார், ஒருவர் அந்தப் பக்கம்.

அவளுக்கு ஒரு கணம் அழுகையே வந்துவிட்டது. பிறகு ஆட்டோ படியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் கேளுங்க. எனக்கு வழி வேணாம். உங்கள்ல யாராவது ஒருத்தர், 'வழி தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரைக் கூட்டிட்டுப் போறேன்."

ஒரு ரெங்கராஜ், "எனக்கா? எனக்கா வழி தெரியாது?" என்று ஆரம்பித்தார். இன்னொரு ரெங்கராஜ் தரையைப் பார்த்தார். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது.

"தெரியல சந்திரா" என்றார் மெல்ல. "காலையிலருந்தே தெரியல. பயமா இருக்கு."

பேசிக்கொண்டே இருந்த மற்றவர் பேச்சோடு பேச்சாகக் கரைந்து போனார். அவருடைய டாக்ஸி கொஞ்ச நேரம் தண்ணீர் மாதிரி நெளிந்துவிட்டு மறைந்தது. சந்திரம்மாள் கணவரின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துச் சோற்றைப் போட்டாள். அவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். வீரமலை அவர் முதுகில் தட்டி, "நானும் அந்தப் புலிகிட்ட, பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். ஒருவேளை அது போயிருக்கும்" என்றார்.

அன்று முதல் ரெங்கராஜுக்கும் வீரமலைக்கும் நல்ல சிநேகிதம். ஆடி பிறந்து, காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட வீரமலை, "ஸ்ரீரங்கம் போயி ஒரு முழுக்குப் போடணும். ஆளோட ஆளா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ரெங்கராஜ் தன் சட்டை ஒன்றைக் கொடுத்தார். அதில் மேல் பொத்தான் போட முடியவில்லை. பதினெட்டாம் பெருக்கன்று மயிலம்மாளும் ஏறிக்கொள்ள, நால்வருமாக ஆட்டோவில் கிளம்பினார்கள். வழியெல்லாம் சந்திரம்மாள் வழக்கம்போல் கேட்டாள். ரெங்கராஜ் வாயைத் திறக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே மட்டும், "அந்தப் பூக்கார அம்மாவைக் கேட்டுப் பாரு" என்றார்.

அம்மா மண்டபத்தில் எள் போட இடமில்லை. வாழையிலையில் காதோலையும் கருகமணியும் வைத்துக் கும்பிடுகிற பெண்கள், மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிற புதுப்பெண்கள், எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள். வீரமலை கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். அப்போது ஓர் அம்மாளின் பித்தளைக் குடம் கை நழுவி ஆற்றோடு போயிற்று.

"ஐயோ, யாராவது புடிங்களேன்!"

அந்தக் குரல் கேட்டதும் வீரமலையின் முகம் மாறியது. தோள் விறைத்தது. கை தானாக மார்புத் தழும்புக்குப் போயிற்று. படியில் நின்ற சந்திரம்மாளுக்கும் பகீரென்றது. இதற்கு அஞ்சித்தானே அந்த மனிதர் பொட்டலுக்கு ஓடியது!

அவர் ஓரடி எடுத்து வைப்பதற்குள், கண்ணாடி போட்ட, தொந்தி வைத்த யாரோ ஒருவர் தொபுக்கென்று குதித்தார். கண்ணாடியைப் பறிகொடுத்து, குடத்தைப் பிடித்தார். இன்னும் இரண்டு பேர் வேட்டியை நீட்டி அவரைக் கரைக்கு இழுத்தார்கள். குடத்துக்காரம்மாள் அவரைத் திட்டிக்கொண்டே ஒரு கை சாதம் உருட்டிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அவர் துண்டைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

வீரமலை கரையேறி வந்து படியில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து வழிந்தது ஆற்றுத் தண்ணீரா என்று சந்திரம்மாள் கேட்கவில்லை.

"பார்த்தியா தாயி? நான் போறதுக்குள்ள இன்னொரு ஆள் குதிச்சுட்டான். பேர்கூடச் சொல்லல. ஒருத்தனும் சாகல." சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்துக் குடும்பம், என்ன என்று புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்து, அவர் இலையில் தேங்காய்ச் சாதம் வைத்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது வீரமலை நினைத்தால் பொட்டலில் இருப்பார், நினைத்தால் ஊருக்கு வருவார். மார்வலி குறைந்திருக்கிறது என்கிறார். ரெங்கராஜின் டாக்ஸியில் ஏறுகிறவர்கள், இவர் இப்போது வழியெல்லாம் ஆட்களிடம் நின்று பேசிக்கொண்டே போகிறார், நேரமாகிறது என்று குறைப்படுகிறார்கள்.

சென்ற மாதம் மயிலம்மாள் தன் ஆசையைச் சொன்னாள். கல்லணையைப் பார்க்க வேண்டுமாம். "உடைப்புல ஆளே நிக்காம தண்ணி நிக்குதாமே, நெசமா?" சந்திரம்மாள் அவளை முன் சீட்டு ஓரத்தில் உட்காரவைத்து அழைத்துப் போனாள். மயிலம்மாள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்து, மதகுகளில் நுரைத்து விழுகிற தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லடி" என்றாள் கடைசியில். "நல்லாத்தான் கட்டியிருக்கானுங்க. வா, அங்க மீன் பொரிக்கிற வாசனை வருது."